வெள்ளிக்கிழமைக் களப்பு

நினைவு தன் வசதிக்கேற்பக் கதை புனையும். ஆகையால் உடனிருந்தவர் உறுதிசெய்தவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

கற்பிட்டிக் களப்பை, கடலையொட்டிய அந்த உப்புநீர் ஏரியை, நீந்திக் கடப்பதை இவ்வாண்டின் இலக்காகக் கொண்டு, நாள்தோறும் ஓய்வின்றிப் பழகினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நாள் என்பதால் எங்கள் ஊர் மீன்பிடித் தோணிகள் கரையிலேயே கிடக்கும். தடையற்ற நீர் என மகிழ்ந்து ஒரு வெள்ளியன்றும் இறங்கினேன். கரையிலிருந்து கூப்பிடு தூரம் போனதும் கெண்டைக்கால் தசை இறுகிவிட்டது. கூவினேன், அருகில் ஒரு தோணியும் இல்லை. நற்பேறாகக் கரைக்கு வந்திருந்த அயல்வீட்டு ரபீக் நானா, என் குரல் கேட்டுத் தம் தோணியை நீரில் தள்ளி விரைந்துவந்து என்னைத் தூக்கினார்.

“வெள்ளிக்கிழம மீனுக்கே லீவு, தம்பி. ஒனக்கு மட்டும் லீவு தராதது ஆரு?”

“நான்தான், நானா.”

இலக்கை நான் கைவிடவில்லை. வெள்ளிதோறும் ஓய்வெடுக்கிறேன், ஏனைய நாள்களில் துணைக்கு ஒரு தோணியோடு நீந்துகிறேன்.

வெள்ளியன்று கரைப்பக்கமே வராத நானா அன்று எதற்காக வந்தார் என்பது அவருக்கும் தெரியவில்லை.