ஊரில் எழுந்த ஒரே புகை

என் நைனாவின் நோட்டில் 1960 பங்குனிப் பக்கத்தில் ஒரே வரி: "இன்று நம் வீட்டில் அடுப்பு மூட்டினேன்." நேற்று திருப்பதி சாலைக் கடையொன்றில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்ததும் அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

வடமாலபேட்டைக்கு அருகே எங்கள் ஊரில் அப்போதெல்லாம் ஆண்டுக்கொரு நாள் யாரும் நெருப்பு மூட்டக்கூடாது. மாடுகளின் மணியைக்கூடக் கழற்றிவிட்டு, வீடுகளை அம்மனுக்கு விட்டுவிட்டு, முந்தின நாள் சோற்றோடு எல்லோரும் புளியந்தோப்பில் உட்கார்ந்திருப்போம், காய்ந்த பழங்கள் காற்றில் உரசுவது மட்டும் கேட்கும். நைனா அந்த வரியை எழுதிய அன்று தோப்பருகே யாத்திரை பஸ் ஒன்று பழுதாகி நின்றது. காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சித் தரும்படி ஒரு பெண் கெஞ்சினாள்.

"ஊரே வெளிய குந்திகினு இருக்குது, நீ மட்டும் நெருப்பு வெப்பியா?" என்றார் பெரியப்பா.

"அம்மன் கோச்சிக்கினா என்னோட போவட்டும்ணா" என்று நைனா அவளை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆளில்லாத ஊரின் மேல் ஒரு புகை எழுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

மறு ஆண்டு பாதிப்பேர் தோப்புக்கு வரவில்லை, யாத்ரீகர்களுக்குக் காபி போட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு நைனா மட்டும் போய் உட்கார்ந்திருந்தார். தோப்பு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜுகள்.

அந்தக் குழந்தை பிழைத்ததா என்று பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் அவர் கடைசிவரை விசாரித்தார். என்னாலும் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.