ஜாம் பாட்டிலில் பதினோரு போல்ட்

மிச்சம் வந்தால் லாபம் என்று நினைக்கிற மனுஷனோடு அவள் பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள். அவர் கூரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மட்டும் பெரிய எஞ்சினியர். மாடிப்படிக்குக் கீழே பழைய பெட்ஷீட்டை விரித்து, வாளியில் சாய்த்து வைத்த போனில் எவனோ பேசுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டு, தன் பைக்கைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு வாரம் கிராஷ் கார்டு, ஒரு வாரம் பனி விளக்கு, ஒரு வாரம் பின்சீட்டுக்கு முதுகுச் சாய்வு.

"டீலர்கிட்ட குடுத்தா என்ன பண்ணுவான்? நாலு திருகு திருகுவான். அதுக்கு ஒரு பில்லு. எனக்குக் கை இல்லையா?" என்பார்.

கை இருந்தது, யார் இல்லை என்றார்கள்? தலையைத்தான் எங்கேயோ கழற்றி வைத்திருந்தார்.

டீலர் மட்டும் யோக்கியனா என்றால் அதுவும் கிடையாது. வண்டி எடுத்த அன்றைக்கே, கேட்காத ஸ்டிக்கரை ஒட்டிப் பில்லில் ஏற்றியவன் அவன். அவன் மாட்டிக் கொடுத்த ஹாரன் முதல் மழைக்கே ஊமையானது. அன்றைக்குப் பிடித்ததுதான் இவருக்கு இந்த வீராப்பு.

அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கத்தரி, இடுக்கி, பஞ்சுத் துணி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணுவது அவள் வேலை. எண்ணிக்கை சேரவில்லையென்றால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டியதுதான். ஆறு மணி ஷிப்டுக்கு அவளைத் தினமும் அந்த பைக்கில்தான் கொண்டுபோய் விடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது, அவள் பிடித்திருந்த பின்சீட்டுக் கம்பி கையோடு ஒரு விரல் அகலம் நகர்ந்து வந்தது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மீதி தூரத்தை நடந்தே போனாள். சாயங்காலம் வந்ததும் அவர் போல்ட்டுகளைப் போட்டு அலமாரியில் வைத்திருந்த ஜாம் பாட்டிலை எடுத்து மேஜைமேல் கொட்டினாள். கடையில் வாங்கி வைத்த சாமான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இதெல்லாம் என்னங்க?"

"மாட்டினதுபோக மிச்சம். கம்பெனிக்காரன் சும்மா ரெண்டு கூடுதலாத்தான் போட்டு வைப்பான்."

"பதினொண்ணு இருக்கு."

"அதான் சொல்றேன், எவ்வளவு வேஸ்ட் பண்றான் பாரு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த மனுஷனை நம்பியா தினமும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து போனோம் என்று ஆத்திரம் வந்தது.

"எங்க டாக்டர் இப்படி ஒரு நாள் மிச்சம் பிடிச்சா ஜெயிலுக்குப் போவாரு. இதுல ஒவ்வொண்ணும் அதது எடத்துக்குப் போற வரைக்கும் நான் உங்க பின்னாடி உக்கார மாட்டேன்."

லீவு நாளில் இருவரும் டீலரிடம் போனார்கள். அவர் பைக்கில், அவள் பஸ்ஸில், பாட்டில் அவள் பையில். கவுண்டரில் டை கட்டிய ஒருவன், வெளி ஆள் கை வைத்தால் வாரண்ட்டி போய்விடும் என்று பாடம் ஒப்பித்துவிட்டு, அதே மூச்சில் சீட் கவரை எடுத்துக் காட்டினான்.

"வாரண்ட்டியை நீங்களே வச்சுக்குங்க. போல்ட் மாட்டத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா கூப்பிடுங்க," என்றாள்.

உள்ளேயிருந்து வந்த ஃபிட்டர் அதிகம் பேசாதவர். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து வாய்விட்டு எண்ண, அவர் வாங்கி வாங்கி மாட்டினார். பின்சீட்டுக் கம்பிக்கு மூன்று, மட்கார்டுக்கு இரண்டு, கிராஷ் கார்டுக்கு நான்கு, செயின் மூடிக்கு ஒன்று. பதினொன்றாவதை மட்டும் விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது இந்த வண்டியோடது இல்லம்மா. ஸ்கூட்டர் சைலன்சரைப் பிடிக்கிற போல்ட்டு. இது இல்லாம ஓட்டினா சைலன்சர் ரோட்டுலதான் விழும்."

கணவர் சுவரிலிருந்த எண்ணெய் விளம்பரத்தை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பக்கவாட்டுக் கம்பி மாட்டிக் கொடுத்தவர் இவர்தான். அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ஸ்கூட்டரைத் தொடாதீங்க. சைலன்சர் போல்ட் ஒண்ணு இங்க இருக்கு."

அப்பா சிரித்தார். "அதுவா? மாப்பிள்ளை மாட்டிட்டுப் போன மறுநாளே டீலர்கிட்ட விட்டு எல்லாத்தையும் சரி பண்ணிட்டேம்மா. ஒரு போல்ட்டைக் காணோம்னு அவன் அப்பவே சொன்னான். இதை மாப்பிள்ளை காதுல போட்டுடாத. மனசு கஷ்டப்படுவாரு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

"ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்மா. சொன்னா அப்புறம் அவரு முகத்துல எப்படி முழிக்கிறது?"

"தினமும் அவரு பின்னாடி உக்காந்து போனது யாருப்பா?"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைப்பது மட்டும் கேட்டது.

"அவரு மனசை எண்ணினீங்க, உங்க சைலன்சரை எண்ணினீங்க. மிச்சம் வந்தது நான்தானா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..." என்று அப்பா ஆரம்பித்தார். அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள்.

"மாமா என்ன சொன்னாரு?" என்றார் கணவர், விளம்பரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னாரு." அந்தப் பதினொன்றாவது போல்ட்டை அவர் சட்டைப்பையில் போட்டாள். "வச்சுக்குங்க. லாபம்தானே."

ஃபிட்டர் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். இம்மிகூட அசையவில்லை. இனிமேல் பயமில்லாமல் உட்காரலாம் என்றார். அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.