அக்கரையில் புகை

டிராம் வரவில்லை என்பதைக் கடையில் முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் ரோஸ்விதாதான். காலையில் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டே ரைன் ஆற்றுப் பாலத்தைப் பார்ப்பாள். தண்டவாளம் வெறுமனே மினுங்கிக்கொண்டிருந்தால், துடைக்கும் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பி, ஷாம்பூ அடுக்கிக்கொண்டிருப்பவர்களுக்குக் கேட்கும்படி அறிவிப்பாள்:

"மறுபடி நிறுத்திட்டாங்க. காலையில எந்திரிச்சு பல்லு தேய்க்கிறாங்களோ இல்லையோ, வேலைநிறுத்தம் பண்ணிடுறாங்க."

மழை வரும் என்று சொல்லி, மழையும் வந்துவிட்டால் ஒரு ஆளுக்கு வருமே, அந்தத் திருப்தி குரலில் இருக்கும். ஆனால் அன்று பொழுது சாயும்வரை சிடுசிடுப்பாகவே இருப்பாள், வீட்டில் எல்லோரும் தன்னை விட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போய்விட்டதைப் போல.

கடை ஜெர்மனியின் கேல் நகரத்தில், டிராம் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர், பிரான்ஸ். சோப்பு, பற்பசை, குழந்தை டயப்பர் எல்லாம் இந்தப் பக்கம் மலிவு. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் டிராம் ஏறி வந்து பை பையாக அள்ளிக்கொண்டு போவார்கள். டிராம் பாலத்தைத் தாண்டி வரத் தொடங்கிய காலத்துக்கு முன்பிருந்தே கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் ரோஸ்விதா. ஆகவே அவர்களைப் பற்றி அவளிடம் ஒரு சாத்திரமே உண்டு. வரிசையில் நின்றால் பேசுவார்கள். பேசினால் கையை ஆட்டுவார்கள். கை ஆடிக்கொண்டிருக்கும்போது பர்ஸ் எப்படித் திறக்கும்? கல்லாவுக்கு முன் வந்து நின்ற பிறகுதான் பர்ஸ் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரும்.

"முன்னாடியே எடுத்து வெச்சா கை ஒடிஞ்சா போயிடும்?" என்று அவள் சிரித்த முகத்தோடு ஜெர்மனில் முணுமுணுப்பாள். அவர்கள் சிரித்த முகத்தோடு பிரெஞ்சில் நன்றி சொல்வார்கள்.

அவர்கள் முறைத்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. பாராட்டினால்தான் பற்றிக்கொண்டு வரும். "உங்க நாட்டுல எல்லாம் ஒழுங்கா நடக்குதும்மா. எங்க ஆளுங்க உருப்பட மாட்டாங்க, எதுக்கெடுத்தாலும் தெருவுல எறங்கிடுறாங்க" என்று சவரக்கத்தி வாங்க வரும் ஒரு பெரியவர் சொல்வார். ரோஸ்விதா தலையாட்டுவாள். ஜெர்மன் ரயில்கள் நேரத்துக்கு வராமல் ஓடும் லட்சணத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். ஆனால் ஒழுங்கு என்ற அந்தச் சொல், பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு ரொம்ப சாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதைப் போல அவள் காதில் விழும். சொல்கிற பெரியவரே போன வாரம் தெருவில் இறங்கியவர்தான். தொழிற்சங்கத்தின் சிவப்பு ஸ்டிக்கர் கோட்டில் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். ரோஸ்விதாவுக்கு அக்கரையில் தெரிவது புகை. எரிக்கப்பட்ட குப்பைத்தொட்டியின் புகை, ஊர்வலத்தில் கறித்துண்டுகள் வாட்டும் புகை, எப்போதும் யாரோ யாரையோ எதிர்த்துக் கத்தும் சத்தம். அதன் மேல்கூட ஒரு மனுஷிக்குப் பொறாமை வரலாம் என்பதற்கு அவளே சாட்சி.

ஒரு சனிக்கிழமை ஸ்ட்ராஸ்பூருக்கு வெண்ணெய் வாங்கப் போயிருந்தாள். பிரெஞ்சுக்காரர்களுக்கு வெண்ணெய் மட்டும் கைவரும் என்பது சாத்திரத்தின் ஒரே விதிவிலக்கு. தெரு முழுக்க, புது ஓய்வூதியச் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம். ஒரு வண்டியும் ஓடவில்லை. ஆனாலும் பாதசாரிகளுக்கான விளக்கு சிவப்பாக இருந்ததால் ரோஸ்விதா நடைபாதை ஓரத்திலேயே நின்றாள். ஊர்வலத்தில் வந்த ஒருத்தி சிகரெட்டுக்கு நெருப்புப்பெட்டி தேட வேண்டியிருந்தது. கையிலிருந்த பதாகையின் கழியை, கேட்காமல் கொள்ளாமல், ரோஸ்விதா கையில் கொடுத்தாள். இவளும் வாங்கிக்கொண்டாள். பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. கழியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, விளக்கு பச்சையாகும்வரை காத்திருந்துதான் சாலையைக் கடந்தாள்.

வீட்டுக்கு வந்து, "ரோட்டையே அடைச்சு வெச்சிருக்காங்க. கொழுப்பு" என்றாள். கணவன் வெண்டலின், "அப்படித்தான் இருக்கும்" என்றான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவன். எதற்கும் அவன் சொல்வது அதுதான். கழியைப் பிடித்த கதையை அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

அவளை எதிர்த்துப் பேசுவதற்கென்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். பக்கத்துக் கல்லாவில் உட்காரும் நாதியா. பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்தது ஸ்ட்ராஸ்பூரில். இவள் பேசும் ஜெர்மன் கடையில் கற்றது. ஆகவே விலைகளும் வசைகளும் அதில் சுத்தமாக இருக்கும், நடுவில் உள்ளதெல்லாம் முன்னே பின்னே. தன் நாட்டை நாதியா திட்டுவதைக் கேட்டால் ரோஸ்விதாவின் சாத்திரமெல்லாம் குழந்தைப் பாட்டு. மகனை ரயில் நிலையத்தில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறார்கள், அதுவும் அவனை மட்டும். அவள் பெயரைப் பார்த்துவிட்டு வேலை மனுவுக்குப் பதிலே போடுவதில்லை.

"அங்க என்னை அரபுக்காரிம்பாங்க. இங்க வந்தா பிரெஞ்சுக்காரிங்கிறீங்க. பிரெஞ்சுக்காரி ஆகறதுக்கு நான் தெனம் ஆத்தைத் தாண்டி வர வேண்டியிருக்கு" என்பாள்.

ஒருமுறை ரோஸ்விதா ஆறுதலாக, "மோசமான நாடுதான்" என்றாள். நாதியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ ஏன் திட்டுற? அது எங்க வீட்டுச் சண்டை. நாங்க அடிச்சுக்குவோம்."

அந்த "நாங்க" ரோஸ்விதாவுக்குப் பல நாள் தொண்டையில் நின்றது. தன்னைச் சேர்த்துக்கொள்ளவே தயங்குகிற ஒரு நாட்டை இவள் எங்கள் வீடு என்கிறாள். தானோ பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே கிடக்கிறாள். அப்படி அடித்துக்கொள்ள ஒரு வீடு தனக்கு ஏன் வாய்க்கவில்லை?

இந்தப் பேச்செல்லாம் நடப்பது கடையின் பின்னறையில், டயப்பர் பெட்டிகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன மேசையில். மதிய இடைவேளையில் ரோஸ்விதா காகிதத்தில் சுற்றிய கறுப்பு ரொட்டியைப் பிரித்து, பேருந்தைப் பிடிக்கப் போகிறவள் போலத் தின்று முடிப்பாள். நாதியா துணி விரிப்பாள், தட்டு வைப்பாள். முதலில் காய்கறி, பிறகு பருப்பு, கடைசியில் சீஸ். உலகம் இடிந்தாலும் இந்த வரிசை மாறாது.

"கல்யாணப் பந்தியா இது?" என்பாள் ரோஸ்விதா.

"சாப்பாடு. நீ தின்னது தீனி" என்பாள் நாதியா.

ரொட்டி தீர்ந்த பிறகும் ரோஸ்விதா எழுந்திருக்க மாட்டாள். மிச்ச நேரம் முழுவதும் அவள் பிரெஞ்சுக்காரர்களைத் திட்டுவாள், நாதியா மறுப்பாள். ரோஸ்விதாவின் நாளில் உப்பு இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

அந்த மேசையைத்தான் எடுக்கப் போவதாகப் புது மேலாளர் லோர்மன் ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சொன்னார். வடக்கிலிருந்து வந்தவர், சின்ன வயது, குரல் உயர்த்தத் தெரியாதவர். அந்த இடத்தில் பார்சல் அடுக்கு வரப்போகிறது. இனி இடைவேளைக்கு ஒவ்வொருவராகப் போகலாம், எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

நாதியாவுக்கு இருந்தது. இரண்டு மொழிகளில் இருந்தது. நாங்கள் என்ன மாடா, நின்றுகொண்டே தின்பதற்கு என்று ஆரம்பித்து, மேசை இல்லாத வேலைக்கும் சிறைக்கும் என்ன வித்தியாசம் என்பதுவரை போனாள். சிறையில்கூட மேசை உண்டு என்று தானே திருத்திக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ரோஸ்விதாவுக்கும் சொல்ல இருந்தது. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பதால் நாதியா முடிப்பதற்காகக் காத்திருந்தாள். நாதியா முடித்ததும் கூட்டமே முடிந்துவிட்டது.

"நாதியா சொன்னதைக் கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்றார் லோர்மன். "மத்த யாருக்கும் ஆட்சேபணை இல்ல. நம்ம மூத்தவங்க, திருமதி பூஹ்னருக்கே இல்ல. நன்றி."

அன்று மதியம் நாதியா வழக்கம்போலத் துணி விரித்துச் சாப்பிட்டாள், நன்றாகவே சாப்பிட்டாள். திருமதி பூஹ்னருக்கு, அதாவது ரோஸ்விதாவுக்கு, ரொட்டி இறங்கவில்லை.

"அவ்வளவு கத்தினியே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வியாழக்கிழமை வந்து தூக்கிட்டுப் போவாங்க."

"அப்புறம் எதுக்குக் கத்தின?"

"கத்தணும்ல."

"உங்க ஊர்லயும் இதே கதைதான். லட்சம் பேர் தெருவுல நிக்கிறீங்க, சட்டம் அது பாட்டுக்கு வந்துடுது."

"வருதுதான்" என்றாள் நாதியா, சீஸை வெட்டிக்கொண்டே. "ஆனா நாங்க ஒத்துக்கிட்டோம்னு எவனும் சொல்ல முடியாது. இன்னிக்கு உன் பேரைச் சொல்லித்தானே கூட்டத்தை முடிச்சாரு?"

ரோஸ்விதா ரொட்டியை மறுபடி காகிதத்தில் சுற்றினாள். ஜெயிப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. இவர்கள் தோற்பதுகூடத் தாரை தப்பட்டையோடு தோற்கிறார்கள். அவள் இதுவரை தோற்ற எதிலும், தோற்றாள் என்பதே யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் மேசையைத் தூக்க இரண்டு ஆட்கள் வந்தபோது ரோஸ்விதா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைப் பிரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையும் மேசை மேல் இருந்தன.

"நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள். "இது வேலைநிறுத்தம்."

ஆட்கள் லோர்மனைப் பார்த்தார்கள். லோர்மன் மெதுவாகக் கேட்டார்:

"திருமதி பூஹ்னர், நீங்க இப்ப இடைவேளையிலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"நேரம் பதியற மெஷின்ல அட்டையைக் காட்டிட்டீங்களா?"

"காட்டாம வருவேனா?"

"கல்லாவுல?"

"ஆள் உட்கார வெச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

எதிரில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாதியாவுக்குப் புரை ஏறிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ரோஸி, உலகத்துலயே இடைவேளையில வேலைநிறுத்தம் பண்ணின மொத ஆள் நீதான்டி. அதை வேலை நேரத்துல பண்ணணும். அப்பதான் யாருக்காவது வலிக்கும்."

"வரிசையில நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணினாங்க?" என்றாள் ரோஸ்விதா கோபமாக.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் விசித்திரம் என்னவென்றால், போராட்டம் பலித்தது. லோர்மனும் ஜெர்மானியர்தானே. இடைவேளையில் இருக்கும் ஊழியரை எழுப்புவது முறையல்ல என்று அவருக்குப் பட்டது. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். வந்த ஆட்கள் டயப்பர் பெட்டிகள் மேல் உட்கார்ந்தார்கள். மூன்று ஆண்களும் ஒரு சட்டபூர்வமான புரட்சி முடிவதற்காக மரியாதையோடு காத்திருந்தார்கள். நாதியா பருப்பில் பாதியை டப்பாவின் மூடியில் போட்டு ரோஸ்விதா பக்கம் தள்ளினாள். ரோஸ்விதா தொடவில்லை.

லோர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இடைவேளை முடிஞ்சிடுச்சு, திருமதி பூஹ்னர்."

அதே சமயம் முன்பக்கம் மணி அடித்தது. வரிசை நீண்டுவிட்டது, இன்னொரு கல்லாவைத் திறக்க ஆள் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ரோஸ்விதாவின் உடம்பு, அவளைக் கேட்காமலே, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தது. நாதியா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பெட்டி மேல் இருந்த ஆட்களில் ஒருவர் எழுந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

மணி மறுபடி அடித்தது.

ரோஸ்விதா உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து, ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு மற்றதை. இரண்டையும் கழற்றி, முனைகள் ஒரே கோட்டில் இருக்கும்படி மேசைக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டு, காலுறை போட்ட பாதங்களைச் சிமெண்டுத் தரையில் அகலமாக ஊன்றிக்கொண்டாள்.