மஞ்சள் விமானத்தில் விழுந்த மீன்கண்

ஸ்கூல் பஸ் ஓட்டும் நோர்மா ஷ்ரூடருக்குக் காரணம் தெரியாமல் எதையும் விடப் பிடிக்காது. பஸ்ஸின் பின்சீட்டில் எந்த வாலாவது பசையைத் தடவி வைத்தால், தடவியது யார் என்று கேட்பதற்கு முன்னால் இது என்ன பசை என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் கையில் ஒரு புதிர் கிடைத்தால் விடுவாளா?

புதிர், வீட்டு அடித்தளத்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அவள் பொழுதுபோக்காக ஒட்டிச் செய்யும், முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் விமானம். கான்சாஸ் கோதுமை வயல்களுக்கு மருந்தடித்த, இரட்டை இறக்கை வைத்த பழைய ரகம். மேல் இறக்கையைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று தனியே வைத்துவிட்டு, சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு கொடுத்து, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் மஞ்சள் அடித்தாள். அடித்த மாத்திரத்தில் விமானத்தின் வயிற்றில் இரு பக்கமும் பெயிண்ட் ஒதுங்கி, வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. ஒவ்வொரு குழிக்குள்ளிருந்தும் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. பெயிண்ட்காரர்கள் இதற்கு மீன்கண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரென்னவோ அழகுதான். வயிற்றெரிச்சல் பட்டவளுக்குத்தான் தெரியும்.

வேறு விமானமாக இருந்தால் அவள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். இது அவள் மாமனார் ஓட்டிய விமானம். கணவன் வெர்ன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, அவர் மின்கம்பியில் மோதிச் செத்துப்போனார். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி வெர்ன் வாயே திறந்ததில்லை. “உங்கப்பா பிளேனைச் செய்யப்போறேன்” என்று இவள் சொன்னபோது, “செஞ்சுக்கோ” என்றான். அன்றோடு அடித்தளத்துப் பக்கம் தலைகாட்டுவதையும் நிறுத்திவிட்டான். ஆறின புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று நோர்மாவுக்கு உறுத்தல். அவனுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அந்த நிமிஷமே பெட்டியில் போட்டு மூடிவிடத் தயாராக இருந்தாள். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் சிநேகிதன் லைலுக்குப் போன் போட்டாள்.

“பெயிண்ட் தெளிக்கிற கம்ப்ரசர்ல எண்ணெய் கசியுது நோர்மா. வேற என்ன?”

“அப்படின்னா எல்லா எடத்துலயும்ல விழணும்? எறக்கை வழவழன்னு கண்ணாடியா இருக்கு.”

“அப்போ கோழி வறுவல் தின்ன கையோட தொட்டிருப்ப.”

“என்னை உன்னை மாதிரின்னு நெனச்சியா? நான் கையுறை போடாம அதைத் தொடுறதே இல்ல.”

“சரி தாயே, தேய்ச்சுட்டு இன்னொரு தடவ அடி.”

“காரணம் தெரியாம தேய்க்க மாட்டேன்” என்று போனை வைத்தாள்.

விமானத்தை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடப்பக்கம் குழிகள் ஒரே கும்பலாக, கட்டைவிரல் அகலத்துக்கு. வலப்பக்கம் வரிசையாக நாலு கும்பல். மூன்றாவது மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. தன் வலது கையை மேலிருந்து வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. இது பெரிய கை. மோதிர விரல் பாதி இல்லாத கை.

வெர்னுக்குத் தானியக் கிடங்கில் மெக்கானிக் வேலை. தானியம் ஏற்றும் திருகு இயந்திரம் அவன் மோதிர விரலில் பாதியைத் தின்றிருந்தது. கைவெடிப்புக்கு அவன் அப்பிக்கொள்ளும் களிம்பு டப்பாவை எடுத்துப் படித்தாள். சிலிக்கோன் என்று போட்டிருந்தது. அது பட்ட இடத்தில் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. யார் என்பது தெரிந்துவிட்டது. எதற்கு என்பது தெரியவில்லை. உடைக்கத் தூக்கினானா?

மேலே வெர்ன், முட்டைக்கோஸும் கறியும் அடைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

“கீழ போனியா?”

“நான் எதுக்குப் போறேன்?”

“பொய் சொல்லாத. கட்டைவிரலோட மூணரை விரல் பதிஞ்சிருக்கு.”

வெர்ன் தன் கையைப் பார்த்தான். காது சிவந்தது.

“கெடுத்துட்டேனா?”

“பெயிண்ட் கெடக்குது விடு. எதுக்குத் தூக்கின, அதைச் சொல்லு.”

அவன் பன்னைக் கீழே வைத்தான். வெறும் கையை உயர்த்தி, இடப்பக்கம் சாய்த்து, வெண்ணெய்த் தட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டான்.

“வேலை முடிஞ்சு வர்றப்போ அப்பா இப்படித்தான் எங்க வீட்டு மேல ஒரு சுத்து சுத்துவாரு. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா உருளைக்கெழங்கை அடுப்புல ஏத்துவாங்க. சாய்ச்சா அதே மாதிரி இருக்கான்னு பாத்தேன்.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு. சத்தம் மட்டும் நான் வாயால போட்டேன்.”

நோர்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மஞ்சளைத் துடைத்தெடுத்தாள். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தால் களிம்புப் பிசுக்கைப் போக்கினாள். முதல் பூச்சைப் பனி மாதிரி லேசாகத் தூவி, காய்ந்த பிறகு மீதியை அடித்தாள். மஞ்சள் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தது. மேல் இறக்கையையும் ஒட்டி, பக்கத்தில் ஆண்கள் அளவில் ஒரு ஜோடிக் கையுறையை வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் சமையலறையில் இருந்தபோது, கீழேயிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. வாயால் போடுகிற சத்தம்தான். நோர்மா உருளைக்கிழங்கை எடுத்து அடுப்பில் ஏற்றினாள்.