இரண்டாவது கேள்வி

தேர்வு அறைக்குள் கைப்பேசியை நான் திறப்பதில்லை. ஆகவே ரெஜினா மறைந்த செய்தி, கடைசி விடைத்தாளையும் வாங்கி அடுக்கிய பிறகே என்னை வந்தடைந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் கண் விழிக்கவே இல்லை. இந்த இராயபுரத்து மாதா கோயிலில் அவரை வழியனுப்ப வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் உடற்கல்வி ஆசிரியர். எனக்கு, ஒரே கல்லூரியில் பணியாற்றி, என்னுடன் ஓயாமல் வாதாடிய தோழி.

எர்ணாவூர்க் குடியிருப்பில் பெண்களுக்கு அவர் தற்காப்புப் பயிற்சி நடத்திவந்தார். பயன் உண்டென்று காட்டினால்தான் சமூகக்கூடத்தைத் தொடர்ந்து தருவோம் என்றார்கள் கூடத்தின் நிர்வாகிகள். புள்ளியியல் ஆசிரியனான நான் அளந்து காட்ட ஒப்புக்கொண்டேன். பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஒரே கேள்வி: தனியாக வெளியே செல்லப் பயமாக இருக்கிறதா?

முதன்முறை கேட்டபோது மீன் விற்கும் செல்வி சிரித்தார். "எனக்கு இன்னா பயம்? அவனவன் என்னியப் பாத்துப் பயந்துகினு கீறான்." மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள். பயிற்சி முடிந்ததும் அதே செல்வி, "பயமாத்தான் கீது சார்" என்றார். கணக்குப்படி, பயிற்சி பயத்தை வளர்த்திருந்தது. கூடம் கைவிட்டுப் போய்விடும்.

"வந்த முடிவை நான் மாற்ற மாட்டேன்" என்றேன். ரெஜினா மாற்றச் சொல்லவில்லை. செல்வியின் பக்கம் திரும்பினார்.

"கன்டெய்னர் யார்டு செவுத்தோரமா முன்னாடி போவியா?"

"அந்தப் பக்கம் யாரு போவா டீச்சர்? சுத்திக்கினுதான் போவேன்."

"இப்ப?"

"இப்ப அதான் வழி. பயமாத்தான் கீது. போறேன்."

"போவாத வழிக்கு ஏது சார் பயம்?" என்றார் ரெஜினா என்னிடம்.

இன்னும் ஒரு முறை அளக்க அவகாசம் கேட்டு வாங்கினேன். அடுத்துச் சேர்ந்த பெண்களிடம் தொடக்கத்திலிருந்தே இரண்டு கேள்விகள் கேட்டோம். பயம் இருக்கிறதா? போவாயா? ஒன்றைக் கேட்டால் மற்றதையும் கேட்டாக வேண்டும் என்று விதி வகுத்தவன் நான். கூடம் நிலைத்தது.

சென்ற வாரம் அறுவை அரங்கின் வாசலில், என்ன பேசுவதென்று தெரியாமல், "பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"கீது சார். ரெண்டாவத உட்டுட்டீங்க."

அந்த வாசலில் நின்றுகொண்டு 'போவீங்களா?' என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவர் சிரித்தார்.

"நீங்க போட்ட ரூலு, நீங்களே மீறுறீங்க. சரி, நானே சொல்லிடறேன். போய்ட்டு வரேன்."

கதவு மூடியது.

ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் வகுப்பு உண்டு, நடத்தப்போவது செல்வி. கேள்விகளுடன் நானும் வர வேண்டும் என்கிறார். ரெஜினாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த இரண்டு கேள்விகளே. அவர் இல்லாத அந்தக் கூடத்துக்குள் நுழையப் பயமாக இருக்கிறது.

போவேன்.