ஏணிக் காலில் கட்டிய சாக்கு

கலியபெருமாள் அண்ணன் காலமான செய்தி காலை பத்து மணி வாக்கில் எனக்கு வந்தது. காலாப்பட்டில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் பேசியவர் முருகையன். நான் உடனே நம்பவில்லை. முந்தின வாரம்தான் அண்ணன் முத்தியால்பேட்டையில் சாரத்தின் மேல் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவது என் பிறவிக் குணம்.

"யார் சொன்னா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. பக்கத்துலதான் நின்னுகினு பேசறேன். காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம், அவ்ளோதான். நீ கெளம்பி வா."

கையில் இருந்த பட்டித் தகட்டைக் கழுவாமல் அப்படியே வாளியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் துக்கத்தை விட வேறொன்றுதான் மனதில் ஓடியது. அவரைப் பற்றி இரங்கல் கட்டுரை எழுதச் சொல்வார்கள், நம் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டியிருக்கும், என்ன எழுதுவது என்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவரைத் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கியவன் நான். அவரை அறிந்தவர்களுக்கு அது தெரியும். அறியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கலியபெருமாள் அண்ணன் தேங்காய்த்திட்டில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் படகில் போனார்கள். இவருக்கு மட்டும் படகில் கால் வைத்தால் வாந்தி வரும். வீட்டில் கற்ற முடிச்சுகளை எடுத்துக்கொண்டு சாரம் கட்டும் வேலைக்கு வந்துவிட்டார். "மீன்காரன் பிள்ளைக்குக் கடல் ஆகாதா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "கடலு ஆடுனா யாரப் போயி கேக்கறது? சாரம் ஆடுனா என்னக் கேளு, பதில் சொல்றேன்," என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது ரெட்டியார்பாளையத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில். பெயின்ட் டப்பாவோடு ஏணியில் கால் வைத்தேன். மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"எறங்கு. இன்னும் நான் தொங்கல."

எனக்குப் புரியவில்லை. இறங்கி நின்று பார்த்தேன். மனிதர் ஒவ்வொரு குறுக்குக் கட்டையிலும் இரு கையாலும் தொங்கி, உடம்பை இரண்டு குலுக்குக் குலுக்கி, அடுத்ததற்குப் போனார். பழைய கட்டு ஏதாவது இருந்தால் கயிற்றில் மூக்கை வைத்து மோந்தார். உப்புக் காற்றிலும் மழையிலும் கிடந்த தேங்காய்நார்க் கயிறு உள்ளே மக்கத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வாசனையில் தெரியும் என்பது அவர் கணக்கு. அவர் கட்டியது, அவர் தம்பி முறையாகும் ஆள் கட்டியது, இருபது வருடம் கூட வேலை பார்த்தவர் கட்டியது, எல்லாவற்றுக்கும் அதே மோப்பம்தான். ஒரு கொத்தனார் மனம் நொந்து, "என்னாண்ணே, எங்கள நம்ப மாட்டியா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னதை நம் சங்கத்தில் பலரும் கேட்டிருப்பீர்கள்.

"கட்டுன ஆளு நல்லவனான்னு பாக்காத. கட்டு நல்லதான்னு பாரு."

மோந்து பார்த்துச் சரியில்லை என்று தெரிந்தால் அவர் யாரிடமும் புகார் சொல்ல மாட்டார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அந்தக் கட்டுக் கயிற்றை அறுத்துவிடுவார். "கயிறு மாத்தித் தாங்கன்னு கேட்டா கான்ட்ராக்டரு அடுத்த வாரம் பாக்கலாம்பான். அறுத்துட்டா இன்னைக்கே குடுத்துத்தான் ஆவணும்," என்பார். அறுத்த சாரத்தில் யாரும் ஏறிவிடக் கூடாது என்பதற்காக ஏணிக் காலில் ஒரு சாக்குக் கிழிசலைக் கட்டிவிடுவார். புதுக் கயிறு கொண்டுவந்து கட்டியதும், ஒரே இழுப்பில் அவிழும்படி போட்ட அந்த முடிச்சை அவரே இழுத்து எடுப்பார். ஏணியில் சாக்கு இருந்தால் ஏறாதே. புதுச்சேரியில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அவரைத் தலைவராக்கியதும், என்னைச் செயலாளராக்கியதும் ஒரே கூட்டத்தில்தான். கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங், பிளம்பர், எலக்ட்ரீசியன், பெயின்டர் என்று எல்லாத் தொழிலும் இருக்கும் சங்கத்தில் சாரக்காரர் தலைவராக வேண்டும் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். எல்லோரும் ஒருநாள் அவர் கட்டியதில் ஏறியவர்கள்தானே.

எனக்கு மட்டும் உறுத்தல் இருந்தது, அதை மறைக்கவில்லை. விடியும் முன்னே இவர் ஏன் தனியாக வேலையிடத்துக்குப் போகிறார்? கான்ட்ராக்டரின் மேனேஜரோடு குடோன் வாசலில் நின்று அப்படி என்ன பேச்சு? ஒருநாள் பின்னாலேயே போய் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் குடோனுக்குள் போனார், கால் மணி நேரம் கழித்துத் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார். கயிறு வாங்கத்தான் போனார் என்று ஒரு சாதாரண மனிதனுக்குப் புரிந்திருக்கும். கயிற்றுக்குப் பதிலாக அவர் எதைக் கொடுத்தார் என்று நான் யோசித்தேன்.

அதன் பிறகுதான் அந்த ஐப்பசி வந்தது. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் பழைய பிரெஞ்சுக் காலத்து வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் இருந்த வீட்டுக்காரரை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் அவரை முசியே என்றே சொன்னோம். முசியே வருவதற்குள் முன்பக்கம் முடிய வேண்டும் என்று ஒரே அவசரம். ஜன்னல் கதவுகளுக்குப் பச்சை அடிப்பது நானும் முருகையனும். நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு வெயில் அடித்த காலை அது. நான் முதலில் வந்தேன், கீழே உட்கார்ந்து பச்சையைக் கலக்கி வைத்தேன். முருகையன் வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறினார். இரண்டாம் தட்டில் கால் வைத்ததும் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் செங்கல் குவியலின் மேல் விழுந்தார். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

மேலே ஏறிப் பார்த்தோம். கட்டு தானாக அறுந்திருக்கவில்லை. கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார், "ஒங்க தலைவரே அறுத்துட்டாரு, நாங்க என்னா பண்றது?" என்று. கயிறு எத்தனை நாள் பழையது என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சங்க அலுவலக மாடியில் விசாரணைக் கூட்டம் நடந்தது. அண்ணன் எழுந்து நின்றார். "ரெண்டு கட்டு மக்கியிருந்துது. அறுத்தேன். ஏணில சாக்கு கட்டிட்டு குடோனுக்குப் போனேன்," என்றார். முருகையனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தோம். "நா ஏறுறப்ப ஏணில ஒண்ணுமில்ல," என்று அவர் சத்தியம் செய்தார்.

நான் கேட்டேன், "அப்ப சாக்கு பறந்து போச்சா, தலைவரே?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான், கவனியுங்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அன்றே அவரைப் பொறுப்பிலிருந்து எடுத்தோம். அவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சங்கத்தை விட்டு அவர் போகவில்லை. கடைசி வரிசையில் வந்து உட்காருவார். அவர் கட்டிய சாரத்தில் ஏற மறுத்தவர்கள் இருந்தார்கள். தொங்கிக் காட்டினாலும் சிலர் வேறு ஆளைக் கேட்டார்கள். அவர் அதற்கெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று, தவறாமல் ஒவ்வொரு வருடமும், ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். துவைத்து வெளுத்த பழைய வேட்டி, கை துடைக்கும் அளவுக்குத் துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கியது. "பெயின்டருக்கு ஆவும்," என்பார், போய்விடுவார். மற்ற பெயின்டர்களுக்கு இல்லை, எனக்கு மட்டும். இதில் என்ன சூது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். காக்கா பிடிக்கிறார், மறுபடி தலைவராகப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்தத் துணிகளை ஒன்றுகூட நான் பயன்படுத்தவில்லை. மந்திரித்து வைத்திருப்பாரோ என்று கூட ஒரு தடவை நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அன்று தேங்காய்த்திட்டில் மாலை போட்டுவிட்டு நகர்ந்தவனை அவர் மனைவி அஞ்சலை அண்ணி கூப்பிட்டார். உள்ளே போய் அவருடைய வேலைப்பையைக் கொண்டுவந்தார். கத்தியின் அடியில் மடித்து வைத்திருந்த சாக்குத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு முழ நீளம் இருக்கும். நடுவில் காய்ந்து இறுகிய பச்சைப் பெயின்ட், ஐந்து விரலும் அழுத்தித் துடைத்த தடம். ஓரத்தில் சுண்டு விரல் இடத்தில் தடம் பாதியில் நின்றிருந்தது. என் இடது சுண்டு விரலில் மேல் கணு கிடையாது.

"இத அன்னைக்கு சாயங்காலமே தண்ணி டிரம்முகிட்ட கண்டெடுத்தாரு," என்றார் அண்ணி. "பஞ்சாயத்துக்கும் பையில எடுத்துகினுதான் போனாரு. வரும்போதும் பையிலதான் இருந்துது. ஏன் காட்டலன்னு கேட்டேன். முருகையன் ஆஸ்பத்திரில கெடக்கறப்ப பகல்ல நகராம கூட இருக்கறவன் அவன்தான், இத காட்டுனா ரெண்டு பேருமே ஒடைஞ்சி பூடுவானுங்கன்னாரு. அவனா யோசிச்சி வருவான்னாரு."

நான் சாக்கை வாங்கி என் சுண்டு விரலை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன்.

"கோவம் இல்லன்னு நெனைக்காத தம்பி. வருசா வருசம் வேட்டி கிழிக்கறப்ப ஒன்னத் திட்டிகினேதான் கிழிப்பாரு. இத குடுத்தாவாச்சும் ஞாபகம் வருதா பாக்கறேம்பாரு. ஒம்போது வருசம் பாத்தாரு."

ஞாபகம் இருந்ததா? பெயின்டர் கை கிழிசலைக் கண்டால் தானாகப் போய் இழுக்கும். அன்று காலை டப்பா மூடியை நெம்பியபோது கையெல்லாம் பச்சை. தொங்கிய எதையோ இழுத்துத் துடைத்துவிட்டு எறிந்தேன். அது எங்கே தொங்கியது என்று, எல்லோரையும் துருவித் துருவிக் கேட்ட நான், ஒரே ஒரு ஆளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததையும் இப்போது மறுக்க மாட்டேன். ஊரையே சந்தேகப்பட்டேன், என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

நம் சாரக்காரர்கள்தான் பாடை கட்டினார்கள். கட்டி முடித்ததும் ஒவ்வொரு முடிச்சாகக் குனிந்து மோந்து பார்த்தார்கள். ஒன்று சரியில்லை என்று அறுத்து மறுபடி கட்டினார்கள். யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

சுடுகாட்டில் முருகையனைத் தனியாக அழைத்துப் போய்ச் சாக்கைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இப்போது ஒரு குடியிருப்பில் வாட்ச்மேன். காலை இழுத்துத்தான் நடக்கிறார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நா பொய் சொல்லல," என்றார் கடைசியில். "அவரும் பொய் சொல்லல. ரெண்டு பேரையும் எதுரெதுரா நிக்க வச்சிட்டியேடா."

அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. இன்று வரை பேசவில்லை.

தோழர்களே, இந்தக் கட்டுரையை இரங்கல் கூட்டத்தில் நானே வாசிக்கிறேன். கலியபெருமாள் அண்ணன் சாக்கு கட்டினார். அதை அவிழ்த்தவன் நான். அவர் மேல் நாம் போட்ட பழியைத் தீர்மானப் புத்தகத்தில் அடித்து, இதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வரும்போது செயலாளர் நாற்காலியின் காலில் ஒரு சாக்குக் கிழிசல் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்தான் கட்டினேன். அதன் பொருள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நின்றுகொண்டே வாசிக்கிறேன். அதை எடுப்பதா, அப்படியே விடுவதா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

அண்ணே, போய் வாருங்கள். இந்தத் தடவை அந்தச் சாக்கில் நான் கை வைக்க மாட்டேன்.