குளியல் தொட்டியில் திருக்கை

தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில், டெக்சாஸின் சுகர் லேண்டில் ஓர் ஆன்ட்டி எங்கள் சில குடும்பங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் கணவரின் பெயர் மறந்துவிட்டது; எங்களுக்கு அவர் அங்கிள். பேசத் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். அவர் வளர்த்த தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கை மீன், மீன்தொட்டி விரிசல் விட்டதால் பாத்டப்பில் தோசைக்கல் மாதிரி கிடந்தது.

“ஒரு வாரமா விரதம். கம்பெனி குடுத்தா சாப்பிடும்னு தோணுது. எல்லாரும் இங்க வந்து சாப்பிடறீங்களா, ப்ளீஸ்?” என்றார் அங்கிள்.

ஆன்ட்டி உடனே சாம்பாரை வாஷ்பேசின் மேல் வைத்தார். பட்டுப்புடவைகளும் பிள்ளைகளுமாகக் குளியலறையில் நெருக்கி நின்று இட்லி சாப்பிட்டோம். சுத்த சைவரான அங்கிள் இடுக்கியால் ஓர் இறாலைத் தண்ணீருக்குள் நீட்டினார். திருக்கை மெல்ல நகர்ந்து அதன்மேல் படுத்தது. எழுந்தபோது இறாலைக் காணோம். எல்லோரும் கைதட்டினோம்.

“நம்மளப் பாத்துதான் சாப்பிட்டுதா, அங்கிள்?” என்றேன்.

“கண்ணு மேல, வாய் அடியில. எதச் சாப்பிடறோம்னு அதால பாக்க முடியாது. ஆனா நம்மளப் பாத்துது.”

பிறகு மனைவியிடம் திரும்பி, “எனக்கும் ரெண்டு இட்லி வையேன்” என்றார்.

ஆன்ட்டி என் காதருகே சொன்னார்: “ஒரு வாரமா இவரும் சரியாவே சாப்பிடல.”

எங்களை விருந்துக்கு அழைத்தது மீனுக்காகவா, அவருக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.